பெல்ட் இயக்க இசைத்தட்டுச் சுழலி: வரலாறும் பராமரிப்பும்

மோட்டாரின் சுழற்சியை ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட் வழியாக இசைத்தட்டைத் தாங்கும் சுழல்வட்டுக்குக் கடத்தும் கருவியே பெல்ட் இயக்க இசைத்தட்டுச் சுழலி. பேச்சு வழக்கில் இதை டர்ன்டேபிள் என்றும் ரெக்கார்டு பிளேயர் என்றும் சொல்வார்கள். 1960களில் வீடுகளில் பரவத் தொடங்கிய இம்முறை இன்றும் புதிய கருவிகளில் கையாளப்படுகிறது. பெல்ட் எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், பழைய கருவி ஒன்றைச் சரியாக அமைப்பதும் அதன் குறையைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும். தெரியாமல் கைவைத்தால் கெடுவது கருவி மட்டும் அன்று. இசைத்தட்டின் பள்ளம் ஒருமுறை தேய்ந்துவிட்டால் அதில் இருந்த ஒலியை அந்தத் தட்டிலிருந்து முழுமையாக மீட்க முடியாது.

பெல்ட்டுக்கு முந்திய நிலை

எமில் பெர்லினர் 1887இல் தட்டு வடிவக் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். தொடக்கத்தில் கையாலும், பின்னர் சுருள்வில்லாலும், அதன்பின் மின் மோட்டாராலும் தட்டுகள் சுழற்றப்பட்டன. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தின் 45 சுற்றுத் தட்டு வந்தது. இவற்றின் பள்ளங்கள் பழைய 78 சுற்றுத் தட்டின் பள்ளங்களைவிட மிகவும் குறுகலானவை. ஊசியின் நுண்ணிய அசைவும் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்கும்.

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது இடைச்சக்கர முறை. மோட்டாரின் அச்சுக்கும் சுழல்வட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுந்தி நின்று வட்டைச் சுழற்றும். 1954இல் வந்த இங்கிலாந்தின் காரார்டு 301 இவ்வகையில் புகழ்பெற்றது. இழுவை வலிமை மிகுந்த இந்தக் கருவிகள் சட்டென்று வேகம் பிடிக்கும் என்பதால் வானொலி நிலையங்களுக்குப் பொருத்தமாக இருந்தன. ஆனால் இவற்றின் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று, சுழன்றது. அந்த அதிர்வு இடைச்சக்கரத்தின் வழியே வட்டுக்கும் ஊசிக்கும் ஏறி, பாட்டின் அடியில் ஓர் உறுமலாகக் கேட்டது.

இரண்டு மாற்றங்கள் இந்த உறுமலைப் பெரும் சிக்கலாக்கின. முதலாவது, 1950களின் நடுவில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. பதிவு முறை. இதன்படி தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதிவார்கள். கேட்கும்போது பெருக்கி அவற்றை உயர்த்தும். அப்போது மோட்டாரின் உறுமலும் சேர்ந்து உயர்ந்தது. இரண்டாவது, 1958இல் கடைகளுக்கு வந்த ஸ்டீரியோ தட்டு. அதற்கு முந்திய ஒற்றை வழி நீண்டநேரத் தட்டில் ஒலி, பள்ளத்தின் பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிந்திருக்கும். ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரு சுவர்களும் ஆளுக்கொரு வழியைச் சுமக்கின்றன. ஆகவே ஊசி மேலும் கீழுமான அசைவையும் படிக்க வேண்டியதாயிற்று. வட்டின் மேல்-கீழ் அதிர்வு இதனால் காதுக்கு எட்டியது.

வில்ச்சரின் தீர்வு

பெல்ட் புதிய பொருள் அன்று. மிதி தையல் இயந்திரத்தின் தோல்பட்டையும் மாவு ஆலையின் பட்டையும் செய்வது அதே வேலைதான். 1957இல் சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் நிறுவனம் வெளியிட்ட டி.டி. 124 கருவியில் பெல்ட்டும் இடைச்சக்கரமும் சேர்ந்தே இருந்தன. பெல்ட்டை மட்டும் கொண்ட எளிய கருவியைப் பலரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்பு பற்றிப் பாடம் நடத்தியவர் வில்ச்சர். 1954இல் ஹென்றி குளோஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் சுழலி 1961இல் வெளிவந்தது. ஊசித்தண்டும் சேர்த்து அதன் விலை 60 டாலருக்கும் குறைவு.

அதன் அமைப்பு இதுதான். சுழல்வட்டின் அச்சும் ஊசித்தண்டும் ஒரே உலோகச் சட்டத்தில் பொருத்தப்பட்டன. அந்தச் சட்டம் மூன்று சுருள்வில்களில் தொங்கியது. மோட்டாரோ சட்டத்தைத் தொடாமல் மேற்தகட்டில் தனியே இருந்தது. இரண்டுக்கும் இடையிலான இயக்கத் தொடர்பு ரப்பர் பெல்ட் மட்டுமே. மோட்டாரின் அதிர்வை பெல்ட் உறிஞ்சியது. தரையில் நடப்பவரின் காலடி அதிர்வைச் சுருள்வில்கள் தடுத்தன. வட்டும் ஊசியும் ஒரே சட்டத்தில் இருந்ததால், பெட்டி ஆடினாலும் அவை இரண்டும் சேர்ந்தே ஆடின. பெட்டியைத் தட்டினாலும் ஊசி தாவுவது அரிதாயிற்று.

1965இல் தோரன்ஸ் நிறுவனம் இதே அடிப்படையில் டி.டி. 150 கருவியை வெளியிட்டது. அதன் 16 துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 375 சுற்றே சுழலும். நொடிக்கு ஆறேகால் சுற்று என்னும் அந்த வேகம் மனிதக் காதின் எல்லைக்குக் கீழே உள்ளது. 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவான லின் சோண்டெக் எல்.பி. 12 இவ்வழியில் வந்த கருவியே.

அதே காலத்தில் ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் மோட்டாரின் அச்சிலேயே வட்டைப் பொருத்தும் நேரடி இயக்க முறையைக் கொண்டுவந்தது. வானொலி நிலையங்களும் நடன அரங்குகளும் அதை ஏற்றன. ஆயினும் குறைந்த செலவில் அமைதியான சுழற்சியைத் தந்ததால் வீடுகளில் பெல்ட் முறை நிலைத்தது. 1982இல் குறுந்தகடு வந்த பிறகும் அது அழியவில்லை.

பழைய கருவியை அமைத்தல்

மேற்கண்ட வரலாறே அமைக்கும் வரிசையையும் சொல்கிறது. முதலில் மின்னிணைப்பை நீக்கிவிட்டு, மேசையின் மட்டத்தையும் பிறகு சுழல்வட்டின் மட்டத்தையும் ரசமட்டத்தால் சரிபார்க்க வேண்டும். கொண்டுவரும்போது சட்டத்தை இறுக்கிய திருகுகள் இருந்தால் அவற்றைத் தளர்த்த வேண்டும். அவை இறுகியே இருந்தால் சுருள்வில்கள் இருந்தும் பயனில்லை. வட்டை மெல்ல அழுத்தி விட்டால் அது நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் தள்ளாடினால் மூன்று வில்களின் உயரத்தையும் திருத்த வேண்டும்.

பெல்ட் ஓடும் விளிம்பையும் மோட்டார் கப்பியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலே பெல்ட் வழுக்கும். வட்டின் பேரிங்குக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெய் சில துளி போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். அதை விடக் கூடாது.

அடுத்தது ஊசியின் அழுத்தம். எதிர் எடையை நகர்த்தி, ஊசித்தண்டு தராசு முள்போல் மட்டமாக மிதக்கும்படி செய்த பின்னரே அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பல காந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை தேவைப்படும். சரியான அளவைத் தயாரிப்பாளரின் குறிப்பில் காணலாம். அழுத்தம் மிகுந்தால் பள்ளம் தேயும். மிகக் குறைந்தாலும் ஊசி துள்ளிப் பள்ளத்தின் சுவரில் மோதித் தட்டைக் கெடுக்கும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. நீண்டநேரத் தட்டின் ஊசியை அதில் வைக்கக் கூடாது.

குறைகளும் காரணங்களும்

மோட்டார் ஓடுகிறது, வட்டு சுழலவில்லை என்றால் பெல்ட் கழன்றிருக்கலாம், அல்லது தாராக உருகியிருக்கலாம். அந்தப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, அதே மாதிரிக்குரிய சுற்றளவும் தடிமனும் கொண்ட புதிய பெல்ட் மாட்டினால் பெரும்பாலும் கருவி உயிர்பெறும். இந்தச் சிறு பொருளுக்காக நல்ல கருவியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

வேகம் குறைந்தால் தளர்ந்த பெல்ட்டும் காய்ந்த பேரிங்கும் முதலில் பார்க்க வேண்டியவை. இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னொரு காரணமும் உண்டு. ஒத்தியங்கு மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது மின்னழுத்தம் அன்று; மின்சாரத்தின் அதிர்வெண். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவி இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகி, 33⅓க்குப் பதிலாக ஏறத்தாழ 27.8 சுற்றே சுழலும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். மின்னழுத்தத்தை 230 வோல்ட்டிலிருந்து குறைக்கும் மின்மாற்றி இதைத் திருத்தாது. 50 ஹெர்ட்ஸுக்குரிய, சற்றுப் பெரிய கப்பியை மாட்ட வேண்டும்.

வேகத்தைச் சோதிக்கக் கோடு போட்ட அட்டை போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். அதன் ஒளியில் 180 கோடுகள் கொண்ட வளையம் அசையாமல் நின்றால் வேகம் சரியாக 33⅓ ஆகும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த மினுக்கம் தெளிவாகத் தெரியாது. பழைய இழை விளக்கோ நியான் விளக்கோ ஏற்றது.

சுருதி அலைந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 1.8 நொடிக்கு ஒருமுறை அலைந்தால் அது வட்டின் ஒரு முழுச் சுற்று. தட்டின் துளை நடுவில் இல்லாமலோ தட்டு வளைந்தோ இருக்கலாம். வேறு தட்டைப் போட்டும் அப்படியே இருந்தால் வட்டையும் அதன் அச்சையும் பார்க்க வேண்டும். அதைவிட விரைவாக நடுங்கினால் கப்பியில் அழுக்கு இருக்கிறதா, அது கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விடாத இரைச்சல் கேட்டால் சுழலியின் நிலக்கம்பி பெருக்கியில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுமல் கேட்டால் பேரிங் காய்ந்திருக்கலாம், அல்லது தொங்கும் சட்டம் தாழ்ந்து பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். வில்ச்சர் பிரித்து வைத்த மோட்டாரும் ஊசியும் எங்கேனும் மறுபடி ஒட்டிக்கொண்டனவா என்று தேடினால் உறுமலின் இடம் பெரும்பாலும் அகப்படும்.