பீச் ஸ்டேஷன்ல பீச் எங்கே?

சென்னை பீச் ஸ்டேஷன்ல இறங்கி வெளியே வந்தா, எதிரே துறைமுகத்தோட மதில்தான் தெரியும். கடல் தெரியாது. ராஜாஜி சாலையோட பழைய பெயர் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’. வங்கி, கப்பல் கம்பெனி, தபால் ஆபீஸ் எல்லாம் வரிசையா நின்ன, சென்னையோட முதல் பிசினஸ் ஏரியா அது. அதோட முன்வாசலே கடற்கரைதான். அந்தத் திறந்தவெளிக்கு என்ன ஆச்சு?

கொஞ்சம் பின்னாடி போகலாம். ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில், ‘கறுப்பர் நகரம்’ என்று ஆங்கிலேயர் அழைத்த குடியிருப்பு இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறித் திரும்பி வந்த பிறகு, 1758 டிசம்பரில் மறுபடி முற்றுகை. எதிரி ஒளிந்து சுட வீடுகளே மறைவாகிவிடும் என்று அந்தக் குடியிருப்பையே இடித்துத் தள்ளினார்கள். மக்கள் வடக்கே, இன்றைய ஜார்ஜ் டவுனுக்குப் போனார்கள். காலியான நிலத்துக்குப் பெயர் எஸ்பிளனேடு. இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் பக்கத்தில் இன்னும் நிற்கிறது.

அதாவது, நம்ம ஊரோட இந்தப் பெரிய திறந்தவெளி யாரும் காற்று வாங்க உருவானது இல்லை. பீரங்கி சுட உருவானது. பீரங்கிக்குத் தேவை போனதும் நிலமும் போச்சு. 1892-ல் உயர் நீதிமன்றக் கட்டடம் அங்கே எழுந்தது.

கடற்கரைக் கதையும் இதே மாதிரிதான். 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்ட ஆரம்பித்தார்கள். நம்ம கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, அந்தப் பெயரையும் வைத்தார். வடக்கே மணல் வராமல் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது. கட்டுமரம் ஏற்றி வைத்த, வலை காயவைத்த மணலில் இன்றைக்குப் பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. மெரினாவில் நாம சுண்டல் சாப்பிடுறோமே, அந்த மணலுக்கு விலை கொடுத்தது வட சென்னை.

திறந்தவெளி இல்லைன்னா என்ன குறைஞ்சுடும்? 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். ஒரு பேட்டையில் ஆயிரக்கணக்கான பேர் கூட ஒரு இடம் இருந்தது, கூடினார்கள்.

இப்போ விதி என்ன? பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் கட்டினால், சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்கணும். 3,000 முதல் 10,000 வரை என்றால், நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஜார்ஜ் டவுனின் ஒல்லி மனைகளை இந்த விதி பெரும்பாலும் தொடாது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பெரிய மனை என்றாலே தொழிற்சாலை நிலம்தான். நாளைக்கு அங்கே டவர்கள் வந்தால், அந்தப் பத்து சதவீதம் சாலையோரம் எல்லோரும் நுழையும்படி இருக்குமா, டவருக்குப் பின்னாடி ஒரு மூலையிலா? நியூயார்க் 1961-லேயே, வாசலில் பொதுவெளி விட்டால் கூடுதல் மாடி என்று சலுகை தந்தது. மாடிகள் வந்தன. பொதுவெளிகளில் பல, யாரும் உட்கார முடியாத வெறும் சிமென்ட் தரையாகவே நின்றன.

நம்ம ஊரில் திறந்தவெளி எப்பவும் வேற எதுக்கோ கிடைத்த மிச்சம். மிச்சத்தை யார் வேணா திரும்ப எடுத்துக்கலாம். அதனால வரைபடம் போடும்போதே கேட்கணும்: இந்த இடம் யாருக்கு, வாசல் எந்தப் பக்கம்?

பாரிமுனைப் பக்கம் போனா, அந்தத் தூணைத் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.