பத்துப் பெட்டிகள்

துப்பாக்கிக் கடைக்கு மூலதனம் எது? துப்பாக்கியே என்பது எளிய விடை. கல்கத்தாவின் ரோடா கம்பெனியின் கதையை அறிந்தோர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. விற்பவருக்கும் உரிமம் கட்டாயம். ஆகவே இவ்வணிகத்தில் வாடிக்கையாளர் சிலர், போட்டியாளரும் சிலரே. விரும்பியவரெல்லாம் கடை திறக்க இயலாத தொழிலில் இலாபத்தின் வேர், அரசு அக்கடைமீது வைத்த நம்பிக்கையில் இருக்கிறது. வந்த துப்பாக்கிகள் எத்தனை, அவற்றின் எண்கள் எவை, யாரிடம் சென்றன என்பதைப் பேரேடு சொல்லியாக வேண்டும்.

ரோடா கம்பெனியில் அந்நம்பிக்கையைச் சுமந்தவர், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்து வரும் ஒரு குமாஸ்தா. ஸ்ரீஷ் சந்திர மித்ரா என்னும் அவர் புரட்சியாளர்களின் ஆள் என்பதை முதலாளிகள் அறியவில்லை. பிரிட்டன் ஜெர்மனியோடு போர் தொடங்கி மூன்று வாரங்களான 1914 ஆகஸ்டு 26 அன்று, அவர் 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்தார். வான்சிட்டார்ட் ரோவில் இருந்த கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மீதியைக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவேயில்லை. மூன்று நாள் கழித்தே காவல்துறைக்குச் செய்தி போயிற்று. மறைந்த பத்துப் பெட்டிகளில் இருந்தவை 50 ஜெர்மானிய மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும்.

வாங்க வருபவரை ஐயுற்ற சட்டம், கடைக்குள் கணக்கெழுதும் கையை ஐயுறவில்லை. வாசலில் அத்தனை காவலிருந்தும், சரக்கு கொல்லைப்புறம் வராமலேயே போய்விட்டது.

ஆனால் பேரேடு தன் வேலையைச் செய்தது. ஒவ்வொரு மௌசரின் எண்ணும் ரோடாவின் ஏட்டில் பதிவாகியிருந்தது. பிற்பாடு பிடிபட்ட துப்பாக்கி எந்தக் கடையிலிருந்து போனது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்தது. 44 துப்பாக்கிகள் ஒன்பது குழுக்களுக்குப் பகிரப்பட்டன என்றும், 54 கொள்ளை, கொலை, கொலைமுயற்சி நிகழ்வுகளில் அவை பயன்பட்டன என்றும் 1918-இல் ரௌலட் குழுவின் அறிக்கை கணக்கிட்டது. அவ்வறிக்கையின் வழியே 1919-இல் ரௌலட் சட்டம் பிறந்தது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியினூடே ஜாலியன்வாலாபாக் நிகழ்ந்தது.

இக்கதையில் புரட்சியாளரின் துணிவைப் பாடுவோர் உண்டு. அத்துப்பாக்கிகளால் மாண்டோரை எண்ணுவோரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது ஒரு வணிகரின் ஏடு. பிற கடைகளில் கணக்குத் தவறினால் நட்டம் முதலாளியோடு போகும். இக்கடையில் தவறிய பத்துப் பெட்டிகளின் கணக்கை ஒரு தேசமே தீர்க்க வேண்டியதாயிற்று.