ஆங்கிலோ இந்தியர்

ஐரோப்பிய ஆண்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழிவந்த கலப்பினச் சமூகத்தார் ஆங்கிலோ இந்தியர். தமிழ்நாட்டில் 'சட்டைக்காரர்' என்ற பெயர் பேச்சு வழக்கில் நெடுங்காலம் இருந்தது. சென்னையில் பெரம்பூர், வேப்பேரி, இராயபுரம், பரங்கிமலை; வெளியூர்களில் அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை, போத்தனூர் என இவர்கள் வாழ்ந்த இடங்களில் பெரும்பாலானவை ரயில்வேயை ஒட்டி வளர்ந்தவை.

வரையறை

இந்திய அரசியலமைப்பின் 366(2)ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்கிறது. ஒருவருடைய தந்தையோ, தந்தை வழியில் வரும் ஆண் முன்னோர் எவரேனுமோ ஐரோப்பிய மரபினராக இருக்க வேண்டும். அவர் இந்தியாவில் நிலையாகக் குடியிருப்பவராகவும், இங்கேயே வாழ்ந்துவந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவராகவும் இருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் இது. தாய்வழி மரபு இதில் கணக்கிலேயே இல்லை. ஆங்கிலோ இந்திய ஆண் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தால் பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியர். அவருடைய தங்கை ஒரு தமிழரை மணந்தால் அவள் பிள்ளைகள் சட்டப்படி அந்தச் சமூகத்தில் சேர மாட்டார்கள். இந்தச் சமூகம் உருவானதே இந்தியத் தாய்மார்களால்தான் என்பதை நினைத்தால், இது சிறிய விடுபாடு அன்று.

இலங்கையிலும் இதே போக்கைக் காணலாம். 1908இல் அங்கே அமைந்த டச்சுப் பறங்கியர் சங்கம், உறுப்பினராக விரும்புவோரிடம் தந்தைவழி ஐரோப்பிய மரபையே கேட்டது.

தோற்றம்

ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துக்கீசியர் கலப்பு மணங்களை ஊக்குவித்திருந்தார்கள். சாந்தோமிலும் கொச்சியிலும் அவர்கள் வழிவந்த குடும்பங்கள் வாழ்ந்தன. சென்னைக் கோட்டையின் ஆங்கிலச் சிப்பாய்களில் பலர் மணந்ததும் அக்குடும்பத்துப் பெண்களைத்தான். 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஆதரிக்க வேண்டும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கம்பெனியின் கணக்கில் அன்று தாய் இருந்தாள். பிற்காலத்து ஞானஸ்நானப் பதிவேடுகளிலோ தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். தாய் பல இடங்களில் 'உள்ளூர்ப் பெண்' என்ற குறிப்போடு முடிந்துபோவாள்.

நூறு ஆண்டுகளில் கம்பெனியின் மனம் மாறியது. 1786இல் கல்கத்தாவின் ஆதரவற்றோர் பள்ளியில் படித்த கலப்பினப் பிள்ளைகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போகத் தடை வந்தது. 1791இல் இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்த மகனுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் பணிகளில் இடமில்லை என்றார்கள். 1795இல் பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர் படையில் குழலூதவும் முரசடிக்கவும் குதிரைக்கு லாடம் கட்டவும் மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள்.

இந்தத் தடைகள் ஒரு குடும்பத்தில் என்ன செய்தன என்பதற்கு ஜேம்ஸ் ஸ்கின்னரின் வாழ்க்கை சான்று. 1778இல் பிறந்த அவருக்குத் தந்தை ஸ்காட்லாந்துக்காரர். தாய் ராஜபுத்திரப் பெண். மகள்களைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை முடிவெடுத்தார். பெண்கள் திரைக்கு வெளியே போனால் குல மானம் போய்விடும் என்று மருகிய தாய் 1790இல் உயிரை மாய்த்துக்கொண்டார். கம்பெனிப் படையில் சேர வழியில்லாத மகன் மராத்தியரிடம் போனார். 1803இல் மராத்தியருக்கும் கம்பெனிக்கும் போர் மூண்டபோது, பாதி பிரிட்டிஷ்காரர் என்பதால் அங்கிருந்தும் விலக்கப்பட்டார். அதே ஆண்டு அவர் கம்பெனிக்காகத் திரட்டிய குதிரைப்படை இன்றும் இந்திய ராணுவத்தில் அவர் பெயரோடு இருக்கிறது.

தடைகளை நீக்கக் கோரும் மனுவைச் சமூகத் தலைவர் ஜான் ரிக்கெட்ஸ் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். 1830இல் அது நாடாளுமன்றத்தின் முன் வந்தது. பிறப்பு, நிறம், மதம் காரணமாக எவருக்கும் பதவி மறுக்கக் கூடாது என்று 1833 பட்டயச் சட்டம் சொன்னது.

ரயில்வே காலம்

1856இல் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் இடைநிலை வேலைகள் ஆங்கிலோ இந்தியருக்கு வந்தன. ஓட்டுநர், கார்டு, பணிமனை மேற்பார்வையாளர் வரை உயரலாம்; அதற்கு மேலே பெரும்பாலும் வெள்ளையர்தான். இடைப்பட்ட பிறப்புக்கு இடைப்பட்ட வேலை என்று காலனி அரசு வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஆனாலும் ரயில்வே காலனிகளில் ஒரு தனி வாழ்க்கை செழித்தது. சனிக்கிழமை இரவில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறு, அதோடு கைமா உருண்டைக் குழம்பு, வெங்காயமும் மிளகாயும் வினிகரும் சர்க்கரையும் சேர்த்தரைத்த சிவந்த 'டெவில் சட்னி'. தாய்வழிக்குச் சட்டம் தராத இடத்தை அடுக்களை தந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

'ஆங்கிலோ இந்தியர்' என்ற பெயர் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அதிகாரபூர்வமானது. அதுவரை 'யூரேசியர்' என்றே எழுதினார்கள்.

விடுதலைக்குப் பின்

அரசியல் நிர்ணய சபையில் பிராங்க் அந்தோணி சமூகத்தின் சார்பில் வாதாடினார். மக்களவையில் இருவர் வரை குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படவும், சட்டமன்றங்களில் ஆளுநர் நியமிக்கவும் வழி பிறந்தது. ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்திப் பணிகளில் இருந்த ஒதுக்கீடு பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைந்து முடிந்தது.

ஆயிரக்கணக்கானோர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று புலம்பெயர்ந்தார்கள். வெள்ளையருக்கே முன்னுரிமை தந்த அன்றைய ஆஸ்திரேலியா, கலப்பினத்தவரிடம் முக்கால் பங்கு ஐரோப்பிய ரத்தத்துக்குச் சான்று கேட்டது. ஒரே வீட்டில் வெளுத்த அண்ணனையும் கறுத்த தம்பியையும் வேறு வேறாகப் பார்க்கக்கூடிய விதி அது. இந்தியாவில் சட்டத்தின் கணக்கில் வராத இந்தியப் பாட்டி அங்கே குறையாக எண்ணப்பட்டாள்.

2019இல் நிறைவேறிய 104ஆவது திருத்தத்தின்படி நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 296 ஆங்கிலோ இந்தியரே இருப்பதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. சென்னையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் சங்கங்களும் பள்ளிகளும் நடத்திவரும் ஒரு சமூகத்துக்கு இந்த எண் பொருந்தாது. சமூகத் தலைவர்கள் அதை வலுவாக மறுத்தார்கள். நியமன இடங்கள் போனாலும் 366(2)ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. வெளிச் சமூகத்தில் மணம் முடித்த ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் பிள்ளைகள் இன்னும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள்.