புல்வெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு



அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வீடு வாங்கிக் குடியேறிய பிள்ளைகள் சிலர், "சார், புல்வெட்டி வாங்கணும், எதை வாங்கறதுன்னே தெரியலை" என்கிறார்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும்! ஆனால் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் 1830 வரை ஒட்ட வெட்டிய புல்தரை என்பது பெரும் பணக்காரர் வீட்டு அழகு. நீண்ட பிடி போட்ட அரிவாளை இரண்டு கையாலும் வீசி, பனி ஈரம் காயும் முன்னே வேலையாட்கள் வெட்டுவார்கள். ஆடுகளை மேயவிடுவதும் உண்டு.

குளோஸ்டர்ஷயரில் உள்ள ஸ்ட்ரவுட், கம்பளி ஆலைகள் நிறைந்த வட்டாரம். துணியின் மேல் நீட்டி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரம் அந்த ஆலைகளில் இருந்தது. துணிக்குச் செய்வதைப் புல்லுக்கும் செய்யலாமே என்று யோசித்தார் எட்வின் பியர்ட் படிங். 1830 ஆகஸ்ட் 31-இல் காப்புரிமை பெற்றார். உருளையில் பொருத்திய வளைந்த கத்திகள் சுழன்று வந்து, அடியில் அசையாமல் இருக்கும் கத்தியோடு சேரும்போது புல் நறுக்கப்படும். கத்தரிக்கோல் தத்துவம்தான். இன்றைய 'ரீல் மூவர்' இதன் வாரிசு. சிறிய, சமமான தரை, வாராவாரம் வெட்டும் பழக்கம் என்றால் கையால் தள்ளும் ரீல் மூவரே போதும். பெட்ரோல் வேண்டாம், சத்தமும் குறைவு. ஆனால் புல் உயர்ந்துவிட்டாலோ குச்சி சிக்கினாலோ திணறும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது 'ரோட்டரி'. அது முன்பே இருந்ததுதான். ஆனால் 1952-இல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் அதை எளிமையாகச் செய்து, ஆஸ்திரேலிய வீடுகளில் பரவ வழி செய்தார். அவருடைய முதல் வண்டிக்குப் பெட்ரோல் டாங்க் எது தெரியுமா? பீச் பழம் அடைத்து வந்த தகர டப்பா! அதுவே 'விக்டா' ஆனது. இதில் கத்தி தரைக்குப் படுக்கையாக, அதிவேகமாகச் சுழன்று புல்லை அடித்து வெட்டும். உயரமான புல், மேடுபள்ளமான தரை எதற்கும் அஞ்சாது. கத்தி மழுங்கினால் மட்டும் புல் நுனி கிழிந்து பழுப்பாகிவிடும். சாணை முக்கியம்.

சரிவான தோட்டமா? 1960-களில் ஸ்வீடனின் கார்ல் டால்மன், ஹோவர்கிராஃப்ட் படகைப் பார்த்துச் செய்த 'ஃபிளைமோ' இருக்கிறது. சக்கரம் இல்லை, காற்று மெத்தையில் மிதக்கும். எந்தப் பக்கமும் நகர்த்தலாம்.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்காதீர்கள். தள்ளிக்கொண்டு போகும் ரோட்டரி வண்டியில் பிடியை விட்டால் 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று 1982 முதல் அமெரிக்காவில் விதி இருக்கிறது. எத்தனையோ பேர் விரல்களை இழந்த பிறகு வந்த விதி அது. கை வலிக்கிறது என்று அந்தப் பிடியைக் கயிற்றால் கட்டி வைக்காதீர்கள். கல் தெறிக்கும், முதலில் கற்களைப் பொறுக்குங்கள், ஷூ போடுங்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள்.

ஆக, கடைக்குப் போகும் முன் உங்கள் தரையைப் பாருங்கள். அது எப்படி என்று இங்கே எழுதினால் சேர்ந்தே யோசிப்போம்.