சவர்க்காரமும் ஷாம்பூவும்: இடம் மாறிய இரு சொற்கள்



ஒன்பதாந் தர மாணவருக்கு "எங்கள் வீட்டுச் சிக்கனம்" என்னும் தலைப்பிலே கட்டுரையொன்று எழுதக் கொடுத்திருந்தேன். நல்லனவற்றை எழுதியவரைக் கொண்டே வகுப்பில் வாசிப்பிப்பது என் வழக்கம். ஒரு மாணவன் வாசித்தான். 2022 ஆம் ஆண்டிலே பொருள்களின் விலை நாளுக்கு நாள் ஏறியபோது அவர்கள் வீட்டிற் சவர்க்காரம் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். அன்றன்று ஒரு சிறிய பைக்கற்று ஷாம்பூவை வாங்கி, வாளித் தண்ணீரிற் கரைத்து, தலைக்கும் உடம்புக்கும் அதனையே நால்வரும் பங்கிட்டுக் கொண்டார்களாம்.

வகுப்புச் சிரித்தது. அவன் கொப்பியைக் கீழே தாழ்த்தி, "தலைக்குப் போடுறதை மேலுக்குப் போட்டால் பிழையோ சேர்?" என்று என்னைக் கேட்டான்.

பிழையில்லை என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். ஆனால் பிழையில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? தமிழ் படிப்பிக்கிறவன் நான். விஞ்ஞான ஆசிரியரிடம் போவதற்கு முன் அகராதியிடம் போனேன். அங்கே கண்டது வியப்பாயிருந்தது. தலைக்கு உரியது, உடம்புக்கு உரியது என்று நாம் இன்று பிரித்து வைத்திருக்கும் இரண்டு சொற்களும் தத்தம் இடத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்கின்றன.

முதலிற் சவர்க்காரத்தை எடுப்போம். சவர் என்றால் உவர். சவட்டு நிலத்து உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லிலே கிடக்கிறது. ஆகவே எமது சொல் துணியிலிருந்து வந்தது. ஐரோப்பியரின் சொல்லோ தலையிலிருந்து வந்தது. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை சீறியபோது உயிர்விட்ட உரோம அறிஞர் பிளினி தமது இயற்கை வரலாற்று நூலில் 'சாப்போ' என்றொரு பொருளைக் குறிப்பிடுகின்றார். கொழுப்பையும் சாம்பலையும் கொண்டு கோலியர் செய்தது அது. எதற்காக? உடம்பைக் கழுவ அன்று, தலைமயிரைச் செந்நிறமாக்க. ஜேர்மானியருள்ளே பெண்களைவிட ஆண்களே அதனைக் கூடுதலாகப் பாவித்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். அந்தச் சாப்போவின் உறவாகவே ஆங்கிலேயரின் 'சோப்'பும், போர்த்துக்கேயர் மூலம் சிங்கள மொழிக்கு வந்து சேர்ந்த 'சபன்' என்ற சொல்லும் நிற்கின்றன. எங்கள் பூந்திக்கொட்டை மரத்துக்குத் தாவரவியலார் இட்ட 'சப்பிண்டஸ்' என்ற பெயருக்கும் இந்தியச் சவர்க்காரம் என்பதே பொருள்.

இனி ஷாம்பூ. இது ஹிந்தி மொழியின் 'சாம்ப்போ' என்ற ஏவல் வினை. அழுத்து, பிசை, பிடித்துவிடு என்று பொருள். தலைமயிருக்கும் அதற்கும் தொடக்கத்தில் எவ்வித சம்பந்தமும் இல்லை. அதனை இங்கிலாந்தின் நாகரிகமாக்கியவர் பாட்னாவில் 1759 இல் பிறந்த டீன் மஹோமெட் என்பவர். கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையிலே இளவயதிற் சேர்ந்து, 1784 இல் அயர்லாந்தின் கோர்க் நகருக்குச் சென்றவர். 1794 இல் தமது பிரயாணங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவே. 1810 இல் லண்டனில் இந்திய உணவுச்சாலையொன்று நடத்தி, இரண்டு ஆண்டில் வங்குரோத்து அடைந்தார். மனிதர் சோர்ந்துவிடவில்லை. பிரைற்றன் கடற்கரைப் பட்டினத்துக்குக் குடிபெயர்ந்து, மூலிகை ஆவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையமொன்றை ஏற்படுத்தினார். துணித்திரைக்குள்ளே நோயாளியை இருத்தி, ஆவி பிடிக்கச் செய்து, கையை உள்ளே விட்டு உடம்பைப் பிசைந்துவிடுவதே அவரது 'ஷாம்பூயிங்'. வாதக்காரரும் மூட்டுவலிக்காரரும் தேடி வந்தனர். நாலாம் ஜோர்ஜ் மன்னருக்கும் நாலாம் வில்லியம் மன்னருக்கும் ஷாம்பூ வைத்தியர் என்ற பதவியும் அவருக்குக் கிடைத்தது. அவர் 1851 இல் இறந்தபோதும் ஷாம்பூ என்பது உடம்புக்குச் செய்வதாகவே பெரிதும் விளங்கப்பட்டது. அச்சொல் மெல்ல மேலேறித் தலையில் அமர்ந்தது அதன் பின்னரே.

ஆகவே மாணவன் தலைக்குரியதை மேலுக்குப் போட்டான் என்று சிரிப்பவர்கள், உடம்புக்குரிய சொல்லைத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

ஆயினும் சொல்லாராய்ச்சி அழுக்கைப் போக்காது என்பதை நானறிவேன். எமது முன்னோரும் தலையையும் உடம்பையும் வேறுபடுத்தியே நடந்தனர் என்பதையும் மறுக்க முடியாது. மேல்கழுவுதல், தோய்தல், முழுகுதல் என யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் மூன்று உண்டு. தலை நனையாதிருப்பது மேல்கழுவுதல். தலையிலும் வார்ப்பது தோய்தல். எண்ணெய் வைத்து அரப்புத் தேய்ப்பது முழுகுதல். "இண்டைக்கு முழுகினனியோ?" என்று ஆச்சிமார் கேட்டால் அது வெறுங்குளிப்பைப் பற்றிய கேள்வியன்று. சீயாக்காய், பயறு, வெந்தயம், தேசிக்காய் ஆகியவற்றை அவித்தரைத்த அரப்பு தலைக்கு. பயற்றம் மா உடம்புக்கு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலைக் கழுவி, அகிற்புகை ஊட்டியதாக இளங்கோவடிகள் பாடுகின்றார். முப்பத்திரண்டு வகை! இன்றைய விளம்பரக்காரர் ஏழெட்டு மூலிகைகளைச் சொல்லிப் பெருமைப்படுவது அவர் முன் எம்மாத்திரம்?

இந்தப் பிரிவினைக்கு ஆசாரம் மட்டும் காரணமன்று, எங்கள் தண்ணீரும் ஒரு காரணம் என்பதை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். குடாநாடு சுண்ணக்கற் பாறை மேலே கிடக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவது அதுவே. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. வன்னீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அந்தக் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொண்டு, நீரிற் கரையாத தயிர்போன்ற கசண்டாகிவிடுகின்றன. உடம்பில் அது ஒட்டினால் துவாயாலே துடைத்துவிடலாம். தலைமயிரிலோ ஒவ்வோர் இழையிலும் படிந்து, சிக்காகிப் பிசுபிசுக்கும். அன்றியும் தலைமயிரின் மேற்பரப்பு ஓலை வேய்ந்த கூரைபோன்று செதில் செதிலாக அடுக்கப்பட்டது. நல்ல ஷாம்பூவின் பி.எச். பெறுமானம் தோலினதைப் போல ஐந்து, ஆறு அளவில் இருக்க, சவர்க்காரத்தினது ஒன்பது, பத்தாக இருக்கிறது. அந்தக் காரத்தன்மை பட்டால் செதில்கள் காற்றில் கிளம்பிய ஓலைபோல நிமிர்ந்து நிற்கும். சீயாக்காயின் நுரை சப்போனின் என்ற வேறு பொருளால் ஆனது. அது சுண்ணத்தோடு பகைப்பதில்லை. தேசிக்காய்ப் புளி படிந்த கசண்டையும் கரைத்துச் செதிலையும் படிய வைக்கும். மேல்நாட்டிலும் சவர்க்காரத்தாலே தலை கழுவிய காலத்தில், வினாகிரி கலந்த நீரையோ எலுமிச்சை நீரையோ கடைசியில் ஊற்றினார்கள். வெவ்வேறு திசையில் இருந்தவர்களுக்கு ஒரே புத்தி.

இதனை அவர் கரும்பலகையிற் சமன்பாடு எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனம் வேறெங்கோ போய்விட்டது.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற் சவர்க்காரம் அருமையான பொருளாயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. பனம்பழத்தைப் பிசைந்து அம்மா உடுப்புத் தோய்த்ததை நான் கண்டிருக்கிறேன். நுரை வரும், அழுக்கும் போகும், வெள்ளைச் சட்டையிலே பழத்தின் மணமும் இலேசான மஞ்சளும் தங்கிவிடும். மாடுகள் எங்களை மோந்துகொண்டு பின்னாலே வருமென்று பகிடி பண்ணுவோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்டுத் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்திலே தங்கினோம். எங்களிடம் இருந்தது ஒரேயொரு சவர்க்காரக் கட்டி. அம்மா அதனை நூல் போட்டு ஆறு துண்டாக வெட்டி வைத்திருந்தார். உடுப்புக்கும் அதுதான், மேலுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். சீயாக்காய்க்கும் பயற்றுக்கும் எங்கே போவது?

என் தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் அவளுக்கு. மூன்று கிழமையில் அந்தத் தலைமயிர் சடைபிடித்து, சீப்பு இறங்காமற் போயிற்று. ஈரும் பேனும் வேறு. ஒரு பின்னேரம் அம்மா கிணற்றடியில் அவளை இருத்தி, யாரிடமோ இரவல் வாங்கிய கத்தரிக்கோலாற் பின்னலை வெட்டினார். தங்கை அழவில்லை. அம்மாதான் அழுதார். வெட்டியதைக் கடதாசியிலே சுற்றிப் பனையடியிற் புதைத்தார். இடப்பெயர்வின் அலைச்சலில் அதுவும் ஒன்று என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வன்னீரும் சவர்க்காரமும் சேர்ந்து அந்தப் பின்னலைக் கெடுத்த விதத்தை முப்பது வருடங்களுக்குப் பின் கரும்பலகையிலே கண்டேன்.

சவர்க்காரம் தலைக்கு ஒவ்வாது என்பதே ஷாம்பூத் தொழிலின் பிறப்புக்கும் காரணம். 1903 இல் பேர்ளின் நகர இரசாயனவியலாளர் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கொப் தலைகழுவும் தூளைக் கடதாசிப் பொட்டலமாக விற்கத் தொடங்கினார். (அவருடைய குடும்பப் பெயரின் பொருள் கருந்தலை என்பது, இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது.) 1927 இல் அவரது நிறுவனம் நீர்மமான ஷாம்பூவையும் விற்பனைக்கு விட்டது. எனினும் கொழுப்பிலிருந்து செய்த சவர்க்காரத்தை விட்டுச் செயற்கை அழுக்ககற்றிக்கு மாறியதே உண்மையான திருப்பம். 1934 இல் அமெரிக்காவில் வந்த 'டிரீன்' என்ற ஷாம்பூ அவ்வகையில் முன்னோடி. வன்னீரிலும் அது கசண்டாகவில்லை. ஆனால் தலையின் இயற்கை எண்ணெயையும் மிச்சமின்றிக் கொண்டுபோய்விட்டது. அந்தக் குறையை நிவிர்த்திக்கவே பின்னர் மயிரை மிருதுவாக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டன. எங்கள் மாணவனின் வீட்டை எட்டிய சிறு பைக்கற்று தமிழ்நாட்டின் கடலூர்ப் பக்கத்திலே பெரிதாக வளர்ந்த யோசனை. போத்தல் வாங்க முடியாத கூலிக்காரனும் ஒருநாளைக்கு வேண்டியதை வாங்கலாம் என்பதே அதன் சூக்குமம்.

அப்படியானால் இன்று கடையில் அருகருகே நிற்கும் ஷாம்பூவும் பொடி வொஷ்ஷும் உள்ளே வேறு வேறா? இரண்டு போத்தல்களின் பின்பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். இரண்டிலும் முதலாவது தண்ணீர். இரண்டாவது சோடியம் லோரத் சல்பேற்று. அதன்பின் தேங்காயெண்ணெயிலிருந்து பெறும் பெற்றேயின் வகை. தடிப்பாக்குவதற்குச் சாதாரண உப்பு. நுரைப்பதும் அழுக்கெடுப்பதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சரக்குத்தான். வேற்றுமை பின்வரிசையில் இருக்கிறது. ஷாம்பூவில் இழையைப் பற்றிக்கொண்டு சிக்கெடுக்க உதவும் பொருள்கள், சில வேளை சிலிக்கோன். பொடி வொஷ்ஷில் தோல் வறளாமற் காக்கும் கிளிசரினும் எண்ணெய்களும்.

ஆதலால் ஷாம்பூவை உடம்புக்குப் போட்டால் தீங்கில்லை. நன்றாகக் கழுவிவிட வேண்டும். வறண்ட தோலுக்குச் சற்று அரிக்கலாம். பொடி வொஷ்ஷைத் தலைக்கு ஒருநாள் போட்டாலும் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து பாவித்தால் நீண்ட கூந்தலிற் சிக்கு விழும். குட்டைமயிர்ப் பையன்களுக்கு வித்தியாசமே தெரியாது. சவர்க்காரக் கட்டியைப் பற்றித்தான் எங்கள் தண்ணீரில் யோசிக்க வேண்டும். பொடுகுக்கான மருந்து ஷாம்பூக்கள் வேறு கணக்கு. அவற்றைப் பொதுக் குளிப்புக்கு எடுக்கக் கூடாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், நெஞ்சிலும் முதுகிலும் படரும் தேமலுக்கு வைத்தியர்களே கீற்றோகொனசோல் கலந்த தலை ஷாம்பூவை எழுதிக் கொடுத்து, உடம்பிலே பூசிச் சில நிமிடம் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். டீன் மஹோமெட்டின் ஷாம்பூ இருநூறு வருடத்துக்குப் பின் மீண்டும் முதுகுக்கு இறங்கியிருக்கிறது.

அடுத்த வாரம் அந்த வகுப்பிலே பிளினியிலிருந்து தேமல் வரை சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். மாணவன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினான். கடைசியில் கையை உயர்த்தி, "அப்ப ஏன் சேர் ரெண்டு போத்தலா விக்கினம்?" என்றான். இம்முறையும் வகுப்புச் சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

தங்கை இப்போது லண்டனில் இருக்கிறாள். தலைக்கும் உடம்புக்கும் ஒன்றாகவே போடும் போத்தல் அங்கே கடைகளில் நிறைய உண்டென்றும், அவளுடைய மகன்மார் அதைத்தான் பாவிக்கிறார்கள் என்றும் தொலைபேசியிற் சொன்னாள். லண்டன் தண்ணீரும் சுண்ணத் தண்ணீர்தானாம். கேத்தலில் அதே வெள்ளைப் படிவு. "உங்கை ஆரும் வந்தால் அரப்புத்தூள் ஒரு கிலோ குடுத்துவிடுங்கோ அண்ணை, அம்மாட்டைச் சொல்லி இடிப்பியுங்கோ" என்றாள். அம்மா அன்றைக்கே சீயாக்காயை முற்றத்தில் வெயிலுக்குப் பரப்பிவிட்டார்.