உளியை மறந்த கல்வெட்டு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. பஸ்ஸில் போகிற பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிற சின்ன ஊர். ஆனால், தமிழ்நாட்டுக் கோயில்களின் கதையே இங்கேதான் திசை திரும்பியது!

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், இங்கிருந்த ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். முகப்பில் சமஸ்கிருதக் கல்வெட்டு. ‘செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை... விசித்திரசித்தன் என்கிற அரசன் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை உருவாக்கச் செய்தான்’ என்பது அதன் சாரம்.

இதில் என்ன பெருமை என்கிறீர்களா? அதுவரை இந்தப் பக்கத்துக் கோயில்கள் அந்த நான்கு பொருட்களால்தான் எழுந்தன. மழையும் கரையானும் தின்றுவிட, அவற்றில் மிஞ்சியது கொஞ்சம்தான். மகேந்திரன் எடுத்த முதல் குடைவரை இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

பக்கத்து நாட்டுக்காரர்களான சாளுக்கியர்கள் பாதாமியில் ஏற்கெனவே குடைந்திருந்தார்கள். அங்கே ஒரு குடைவரையில் கி.பி. 578 என்று காலக்கணக்கே இருக்கிறது. ஆனால், அது மணற்பாறை. உளி சொன்னபடி கேட்கும். நம்ம ஊர்ப் பாறையோ கருங்கல்! ஓங்கி அடித்தால் தீப்பொறிதான் வரும்.

எப்படிக் குடைந்தார்கள்? மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து, கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டுவார்கள். நடுவில் துருத்தி நிற்கிற கல்லை அடித்துப் பெயர்ப்பார்கள். மறுபடி கட்டம், மறுபடி பெயர்ப்பு... இப்படியே உள்ளே போக வேண்டியதுதான். தூண் நிற்க வேண்டிய இடத்தில் முன்யோசனையோடு கல்லை விட்டு வைக்க வேண்டும். கை தவறித் தூண் உடைந்தால் வேறு தூண் கொண்டுவந்து நிறுத்தவா முடியும்?

கருங்கல்லில் உளியின் நுனி சீக்கிரம் மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துத் தர ஒரு கொல்லன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஆக, ‘உலோகம் இல்லாமல்’ எழுந்த கோயிலில் இரும்பு படாத இடம் ஓர் அங்குலம்கூடக் கிடையாது! ஏன், உலோகம் இல்லை என்கிற அந்த வார்த்தையைச் செதுக்கியதே இரும்பு உளிதான்.

முகப்பின் இரு ஓரங்களிலும் துவாரபாலகர்கள். தமிழ் மண்ணில் இன்று நாம் காணும் மிகப் பழைய கல் வாயிற்காவலர்களில் இவர்கள் உண்டு. தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை... மற்றபடி அலங்காரமே கிடையாது. புதுத் தொழிலைப் பழகுகிற கைகள் அளவோடு நின்றிருக்கின்றன. அதே மகேந்திரன் காலத்துத் தளவானூர்க் குடைவரையும் இதே வட்டாரம்தான். அங்கே முகப்பின் மேல் மகர தோரணம் வளைகிறது. கை தேறிவிட்டது! திண்டிவனம் பக்கம் கீழ்மாவிலங்கையிலும் ஒரு சின்னக் குடைவரை உண்டு.

மகேந்திரனுக்கு ஏகப்பட்ட பட்டப்பெயர்கள்... விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சித்திரகாரப்புலி! கல் குடைந்தவர்களுக்கோ மண்டகப்பட்டுக் கல்வெட்டில் ஒற்றைப் பெயர்கூட இல்லை. என்னவெல்லாம் இல்லை என்று பட்டியல் போட்ட அரசன், யாரெல்லாம் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டான்.

மூன்று கருவறைகளும் இன்று காலி. அந்தப் பக்கம் போனால் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெயர் எழுதாமல் போனவர்களின் கைவேலை அங்கேதான் இருக்கிறது.