மின்கிதாரின் பிக்அப் இணைப்புகள்: ஆலைத் திட்டமும் வாசிப்போர் திருத்தமும்

மின்கிதாருக்குத் தன் விருப்பப்படி பிக்அப் இணைப்பைத் திட்டமிடுபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘இதில் எத்தனை விதமான ஒலி எடுக்கலாம்?’ என்பதைத்தான். வரலாறு அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. 1950 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வெளிவந்த கிதார்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒலிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிய அமைப்புகள் பல ஓரங்கட்டப்பட்டிருக்கின்றன. பாட்டின் நடுவே, பாராமலே, கை எட்டித் தொடக்கூடிய அமைப்புகள் நிலைத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான சில, ஆலை வகுத்த திட்டத்தை மீறி வாசிப்பவர்கள் கண்டெடுத்தவை. இக்கட்டுரை பின்தொடர்வது அந்த மீறல்களை.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. ஜார்ஜ் போஷாம்ப் 1930களின் முற்பகுதியில் உருவாக்கி, 1937இல் காப்புரிமை பெற்ற ‘ஃப்ரையிங் பேன்’ கிதாரிலும், 1936இல் கிப்சன் வெளியிட்ட இ.எஸ்.-150இலும் பிக்அப் ஒன்றுதான். ஒன்று மட்டும் இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டாவது பிக்அப் வந்த பிறகே சுவிட்ச் வந்தது. சுவிட்சோடு கருத்து வேறுபாடும் வந்தது.

லியோ ஃபெண்டர் 1950இல் வெளியிட்ட பிராட்காஸ்டர் (1951 முதல் டெலிகாஸ்டர்) இதற்கு முதல் சான்று. அதன் மூன்று நிலைச் சுவிட்சைப் பின்னே தள்ளினால் பிரிட்ஜ் பிக்அப் ஒலிக்கும். இரண்டாவது குமிழைத் திருப்பிக் கழுத்துப் பிக்அப்பை அதனுடன் வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். நடுநிலையில் கழுத்துப் பிக்அப் மட்டும். முன்நிலையிலும் அதே பிக்அப்தான்; ஆனால் ஒரு கெப்பாசிட்டர் மேல்சுரங்களை அடக்கிவிடுவதால் பாஸ் போன்ற மந்த ஒலி கிடைக்கும். 1952இல் கலக்கும் வசதி நீக்கப்பட்டு அந்தக் குமிழ் டோன் கட்டுப்பாடாக மாறியது. மந்த ஒலி நிலை அப்படியே தொடர்ந்தது. விளைவாக, இரண்டு பிக்அப் உள்ள அந்தக் கிதாரில் இரண்டையும் சேர்த்து ஒலிக்க வைக்க ஆலை வழி எதுவும் இல்லாமல் போயிற்று. ஃபெண்டரே 1951இல் பிரிசிஷன் பாஸை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்ட பிறகு, கிதாரில் பாஸைப் போலி செய்யும் நிலைக்கு என்ன வேலை என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர். வாசிப்பவர்கள் காத்திருக்கவில்லை; கிதாரைத் திறந்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றிக்கொண்டார்கள். கழுத்து, இரண்டும், பிரிட்ஜ் என்ற இன்றைய வரிசையை ஆலை ஏற்றுக்கொண்டது 1967இல்.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கதை இதைவிடச் சுவையானது. மூன்று பிக்அப், மூன்று நிலை, ஒரு வால்யூம், இரண்டு டோன். ஒரு நேரத்தில் ஒரு பிக்அப் என்பதே ஃபெண்டரின் கணக்கு. ஆனால் அந்தச் சுவிட்சின் உள்ளமைப்பு வேறு கணக்குப் போட்டது. நகரும் தொடுமுனை ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில், ஒரு கணம் இரண்டு நிலையான முனைகளையும் சேர்த்துத் தொடும். அந்தக் கணத்தில் இரண்டு பிக்அப்பும் ஒன்றாகப் பேசும். நெம்புகோலை அந்த இடைவெளியில் பக்குவமாக நிறுத்திவைக்க வாசிப்பவர்கள் கற்றுக்கொண்டார்கள். நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகியவர்களும் உண்டு.

அங்கே கேட்கும் ஒலியை ‘எதிர்க்கட்டம்’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது மின்னியல்படி தவறு. இரண்டு சுருள்களும் ஒரே கட்டத்தில், பக்க இணைப்பில் இருக்கின்றன. தலா சுமார் 6 கிலோஓம் மின்தடையுள்ள இரு பிக்அப்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் சுமார் 3 கிலோஓம்; மின்தூண்டலும் ஏறத்தாழப் பாதியாகி, ஒத்ததிர்வு மேலே நகர்கிறது. கூடவே, தந்தியின் இரு வேறு இடங்களை இரு பிக்அப்களும் ‘கேட்பதால்’ சில மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பளபளப்பும் சற்றே மூக்கடைத்த தன்மையும் கலந்த அந்த ஒலியைக் கேட்க விரும்புபவர்களுக்கு டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பாடலான ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ போதும். அந்தக் கிதார் வந்து 23 ஆண்டுகள் கழித்து, 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது. நடுப் பிக்அப்பின் சுற்றுத்திசையையும் காந்தமுனையையும் தலைகீழாக்கி, இடைநிலைகளில் மின்னிரைச்சலை நீக்கும் முறை பின்னர் பரவலானது.

இரைச்சலை அதற்கு முன்பே வேறு வழியில் வென்றிருந்தார் கிப்சனின் சேத் லவர். எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கருக்கு அவர் 1955இல் விண்ணப்பித்தார். 1957இல் அது கிதார்களில் ஏறியது. காப்புரிமை 1959இல் கிடைத்தது. லெஸ் பால் கிதாரின் இணைப்பு எளியது: ஒவ்வொரு பிக்அப்புக்கும் தனி வால்யூம், தனி டோன், ஒரு மூன்று நிலைச் சுவிட்ச். இந்த எளிமைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் காட்டியது பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பால். அதன் கழுத்துப் பிக்அப்பில் காந்தம் தலைகீழாக இருந்ததால், நடுநிலையில் உண்மையான எதிர்க்கட்டம் உண்டாயிற்று: அடிநாதம் வற்றி, மெலிந்து, ஏங்கும் ஒலி. இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்போதுதான் அது முழுமையாகக் கேட்கும். ஒன்றைச் சற்றுக் குறைத்தால் கனம் படிப்படியாகத் திரும்பும். புதிய சுவிட்ச் ஒன்றுகூட இல்லாமல், இரு குமிழ்களுக்கு நடுவே முழு நிறமாலையே கைக்கு வந்தது.

பெருக்கும் போக்கும் கூடவே ஓடியது. இ.எஸ்.-345இன் ஆறு நிலை வேரிட்டோன் சுழல்சுவிட்ச், 1962இன் ஜாகுவாரில் இரு தனிச் சுற்றுகளும் வரிசையான ஸ்லைடு சுவிட்சுகளும், 1973இன் எல்6-எஸ் கிதாரில் பில் லாரன்ஸ் அமைத்த ஆறு நிலைத் தேர்வி (தொடர், பக்கம், எதிர்க்கட்டம் எல்லாம் உள்ளடக்கியது) ஆகியவை பொறியியலாகப் பார்த்தால் அழகானவை. பரவலான வழக்கமாக எதுவும் மாறவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1963இல் பிரையன் மே தன் தந்தை ஹெரால்டுடன் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய ‘ரெட் ஸ்பெஷல்’ கிதாரில் மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்அப்கள் தொடரிணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இயக்கு-நிறுத்து சுவிட்ச் ஒன்று, கட்டம் மாற்றும் சுவிட்ச் ஒன்று, மொத்தம் ஆறு. கணக்கிட்டுப் பார்ப்போம். தனித்தனியே 3, இரண்டிரண்டாக மூன்று இணைகள், ஒவ்வொன்றும் இரு கட்டங்களில், ஆக 6, மூன்றும் சேர்ந்து 4. எல்லாவற்றின் கட்டத்தையும் ஒருசேரத் திருப்பினால் காதுக்கு வேறுபாடு தெரியாது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஆக 13 ஒலிகள். இவ்வமைப்பு செல்லுபடியானதற்குக் காரணம் 13 என்ற எண் அன்று. கிதாரைச் செய்தவரே வாசித்தவர். எந்தச் சுவிட்ச் எங்கே என்பது அவர் விரலுக்கு மனப்பாடம். அதே அமைப்பை அந்நியர் கையில் கொடுத்தால் பாதி நிலைகள் உறங்கிக்கிடக்கும்.

1970களில் லேரி டிமார்சியோவும் சேமூர் டங்கனும் மாற்றுப் பிக்அப்களைத் தனிப்பொருளாக விற்கத் தொடங்கியதும் ஆலைத் திட்டத்தின் பிடி தளர்ந்தது. ஹம்பக்கரின் இரு சுருள்களிலிருந்தும் நான்கு கம்பிகள் வெளியே வந்தன. ஒரு சுருளை அணைக்கலாம், இரண்டையும் பக்க இணைப்பில் மாற்றலாம். கடைக்காரர் விற்றது பிக்அப். வாசிப்பவர் வாங்கியது இணைப்பைத் தீர்மானிக்கும் உரிமை. அதிலும் சிக்கனமே வென்றது. டேவிட் கில்மர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டில் சேர்த்துக்கொண்டது ஒரே ஒரு சிறு சுவிட்ச். எந்த நிலையிலும் கழுத்துப் பிக்அப்பை உடன் சேர்ப்பதே அதன் வேலை. ஐந்து நிலைச் சுவிட்சால் எட்ட முடியாத இரண்டு கூட்டுகள் அதனால் கிடைத்து, மூன்று பிக்அப்பின் ஏழு கூட்டுகளும் நிறைவாயின. 1985இல் பால் ரீட் ஸ்மித் தன் கிதாரில் வைத்த ஐந்து நிலைச் சுழல்சுவிட்சும் பிற்காலத்தில் நெம்புகோல் சுவிட்சுக்கு இடம் விட்டது. வட்டக் குமிழ் எந்த நிலையில் நிற்கிறது என்பதை விரல் தொட்டு அறிவது கடினம். நெம்புகோல் தன் சாய்விலேயே சொல்லிவிடும்.

புதிய இணைப்புக்கு வரைபடம் போட உட்காருபவர் சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஒரு வேலை செய்யட்டும்: இப்போது கையில் உள்ள கிதாரில் ஒரு மாதம் வாசித்து, எந்த நிலைகளுக்கு உண்மையில் போனார் என்று குறித்துவைக்கட்டும். போகாத நிலைகளை முதலில் நீக்குங்கள். துளை போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.